கார்ன் ஸ்நேக் இரை எடுக்கவில்லையா? எலியை மாற்றும் முன் சூட்டைப் பாருங்கள்

கேட்டிருப்பது இதுதான்: நான்கு மாதக் குட்டி கார்ன் ஸ்நேக். வீட்டுக்கு வந்த மறுநாளே ஒரு பிங்கி எலியை (பிறந்து சில நாளே ஆன, முடி முளைக்காத எலிக்குஞ்சு) விழுங்கியது, இரண்டு நாளில் கக்கிவிட்டது. அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்துப் பார்த்தும் தொடவில்லை. பெரிய கண்ணாடித் தொட்டி, அடியில் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), ஒரே ஒரு மறைவிடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம். பிள்ளைகள் தினமும் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். உயிருள்ள எலி கொடுத்தால் சாப்பிடுமா, கோழித் துண்டு கொடுக்கலாமா, எத்தனை நாளுக்கு ஒருமுறை இரை வைக்க வேண்டும், வேறு என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், எலியை ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். கக்கிய நாளிலிருந்து எண்ணி 10 முதல் 14 நாள் வரை எதுவும் கொடுக்க வேண்டாம். நடுவில் எலியைக் காட்டியிருந்தாலும் பரவாயில்லை, அது விழுங்கவில்லை என்பதால் கணக்கு கக்கிய நாளிலிருந்தேதான். பச்சைக் குட்டியைப் பட்டினி போடுவதா என்று மனம் கேட்காது. ஆனால் பாம்பு கக்கும்போது இரையோடு வயிற்று அமிலமும் குடலுக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் சேர்ந்து வெளியே போய்விடுகின்றன, உணவுக்குழாயும் அரிபட்டுப் புண்ணாகிறது. அது ஆறுவதற்குள் அடுத்த இரை உள்ளே போனால் அதையும் கக்கும். ஒருமுறை கக்கிய குட்டி பெரும்பாலும் தேறிவிடும். அடுத்தடுத்துக் கக்குகிற குட்டியைத்தான் காப்பாற்றுவது கடினம். தண்ணீர் மட்டும் எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும்.

இந்த இடைவெளியில் செய்ய வேண்டிய வேலை தொட்டிக்குள் இருக்கிறது. உங்கள் கேள்வியில் எலியைப் பற்றி நிறைய இருக்கிறது, வெப்பநிலை எத்தனை டிகிரி என்று ஓரிடத்திலும் இல்லை. இரை எடுக்காத பாம்பு என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் பதில் இருக்காது.

பாம்புக்குள் சொந்த அடுப்பு கிடையாது. விழுங்கியதைச் செரிக்க வேண்டிய சூட்டை அது வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும். சூடு போதவில்லை என்றால் வயிற்றில் செரிமான நீர்களின் வேகம் குறைகிறது, இரை கரைவதற்கு முன்பே அழுகத் தொடங்குகிறது, வாயு சேர்கிறது. அந்த நிலையில் பாம்புக்குத் தெரிந்த ஒரே வழி வெளியே தள்ளுவதுதான். குளிர்ந்த பாம்பு இரையைத் தொடாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: செரிக்க முடியாததை விழுங்காமல் இருப்பது அதன் புத்திசாலித்தனம். அதைத்தான் நாம் அடம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எவ்வளவு சூடு வேண்டும்? தொட்டியின் ஒரு முனையில், பாம்பின் வயிறு தரையில் படுகிற இடத்தில், 29 முதல் 31 டிகிரி செல்சியஸ். மறுமுனையில் 22 முதல் 25. இரவில் மொத்தமாக 20, 21 வரை இறங்கினாலும் ஆரோக்கியமான பாம்புக்கு ஒன்றும் ஆகாது. இந்த இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். பாம்பு தானே நகர்ந்து நகர்ந்து தன் உடல் சூட்டைச் சரிசெய்துகொள்ளும், இரை எடுத்ததும் சூடான பக்கம் போய்ச் சுருண்டு கிடக்கும். தொட்டி முழுக்க ஒரே சூடாக வைத்தால் அந்த வசதி போய்விடுகிறது.

ஹீட் மேட் இருக்கிறது என்கிறீர்கள், சூட்டைக் குறித்த அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் பற்றிச் சொல்லவில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட்டை இன்றே பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், தெர்மோஸ்டாட் வந்த பிறகு போடுங்கள். கட்டுப்பாடு இல்லாத மேட் 45 டிகிரியைத் தாண்டக்கூடும். பாம்பின் வயிற்றுப்புறம் அந்தச் சூட்டில் வெந்துபோனாலும் அது விலகாமல் படுத்தே கிடப்பதுண்டு, செதில் நிறம் மாறிய பிறகுதான் நமக்குத் தெரியவரும். மேட்டைத் தொட்டிக்கு வெளியே, அடிப்பக்கத்தில், தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் ஒட்ட வேண்டும். தெர்மோஸ்டாட்டின் சென்சாரை மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்துவிட்டு, உள்ளே பாம்பு படுக்கிற இடத்தை வேறொரு டிஜிட்டல் தெர்மாமீட்டரின் ஒயர் முனையால் அளந்து பாருங்கள். கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட முள் தெர்மாமீட்டர் கண்ணாடியின் சூட்டைக் காட்டும், பாம்பின் சூட்டைக் காட்டாது. மேலிருந்து பல்பு மூலம் சூடு கொடுப்பதும் நல்ல முறைதான், சொல்லப்போனால் வெயில் படுகிற மாதிரி அதுதான் இயல்பானது. பல்பைச் சுற்றிக் கம்பி வலை இருக்க வேண்டும், அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். உள்ளே வைக்கிற ‘ஹீட் ராக்’ என்னும் மின்சாரச் சூட்டுக் கல் மட்டும் வேண்டாம், அதில் சுட்டுக்கொண்ட பாம்புகள் ஏராளம்.

எதிர்ப்பக்கக் கவலையும் உண்டு. அறையே 32, 33 டிகிரிக்குப் போகிற காலத்தில் ஹீட் மேட் தேவையே இல்லை. அப்போது தேட வேண்டியது குளிர்ந்த முனையை. தொட்டி முழுவதும் 34 டிகிரிக்கு மேல் நீடித்தால் கார்ன் ஸ்நேக் தவித்துப்போகும், நாள் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடக்கும். தரையோரம் காற்றோட்டமான மூலைக்குத் தொட்டியை மாற்றுவது, கிண்ணத்துத் தண்ணீரை அடிக்கடி மாற்றுவது, அறையைக் குளிர்விப்பது என்று ஏதாவது செய்தாக வேண்டும். ஜன்னலோரத்தில் வெயில் விழுகிற இடத்தில் கண்ணாடித் தொட்டியை எந்தக் காலத்திலும் வைக்கக் கூடாது.

சூடு சரியானதும் அடுத்தது மறைவிடம். இந்தப் பாம்பின் பூர்வீகம் அமெரிக்காவின் தென்கிழக்கு. நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடா வரை பைன் காடுகள், புதர்கள், பாழடைந்த கட்டடங்கள், தானியக் கொட்டகைகள் என்று வாழ்வது. பகலில் விழுந்த மரத்தின் அடியிலோ பட்டைக்குள்ளோ பொந்துக்குள்ளோ கிடந்துவிட்டு, அந்தி மயங்கும்போதும் இரவிலும்தான் வெளியே வரும். அங்கே பருந்திலிருந்து பெரிய பாம்புவரை எல்லாவற்றுக்கும் குட்டி கார்ன் ஸ்நேக் ஒரு வாய் தீனி. வெட்டவெளியில் இருந்தால் செத்தோம் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. உங்கள் தொட்டியில் ஒரே மறைவிடம், அதுவும் ஒரு முனையில். அப்படியானால் பாம்பு ஒன்று சூட்டைத் தேட வேண்டும், இல்லை பாதுகாப்பைத் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. பயந்த குட்டி பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், குளிரிலேயே கிடக்கும், இரையும் செரிக்காது.

ஆகவே சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று, குறைந்தது இரண்டு மறைவிடங்கள். சுருண்டு படுத்தால் உடம்பு எல்லாப் பக்கமும் இடிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். நமக்குச் சிறியதாகத் தெரிவதுதான் அதற்குச் சரியான அளவு. தொட்டி பெரியது என்பதே குற்றமில்லை, வெறுமையாக இருப்பதுதான் குற்றம். செயற்கைச் செடி, மரப்பட்டை, காய்ந்த இலை, ஏறுவதற்குக் கிளை என்று நிறைத்துவிட்டால் குட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மறைவாகவே போய்வரும். மூன்று பக்கக் கண்ணாடிக்கு வெளியே அட்டையோ காகிதமோ ஒட்டினாலே பாதிப் பதற்றம் குறைந்துவிடும். வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 90 முதல் 150 செ.மீ. நீளம் வரும். அப்போது 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் உள்ள தொட்டி இருந்தால் வசதியாக வாழும்.

தரையில் போட ஆஸ்பன் மரச்சீவல் நல்லது, குட்டி அதற்குள் வளை தோண்டிப் புகுந்துகொள்ளும். தேங்காய்நார்த் தூளும் பரவாயில்லை. தேவதாரு வகைச் சீவல் கூடாது, அதிலிருந்து வரும் எண்ணெய்களின் நெடி பாம்பின் மூச்சைக் கெடுக்கும். இப்போது கக்கிய குட்டி என்பதால் சில வாரங்களுக்கு வெறும் காகிதத் துவாலை விரித்து வையுங்கள். கழிவும் கக்கலும் பளிச்சென்று தெரியும்.

பிள்ளைகள் விஷயம். ஆசை புரிகிறது, ஆனால் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். புதிதாக வந்த பாம்பை முதல் ஒரு வாரம் தண்ணீர் மாற்றுவதற்குத் தவிரத் தொந்தரவு செய்யக் கூடாது. வந்த மறுநாளே இரை வைத்ததும், விழுங்கிய பிறகு கையில் எடுத்ததும் சேர்ந்துதான் உங்கள் வீட்டில் கக்க வைத்திருக்கும், கூடவே சூட்டுக் குறைவும். இனிமேல் கக்காமல் தொடர்ந்து மூன்று முறை இரை எடுத்த பிறகுதான் கையில் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் இரை எடுத்து 48 மணி நேரம் கழியாமல் தொடக் கூடாது. எடுக்கும்போது மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் கையைக் கொண்டுபோய் நடு உடம்பைத் தாங்கி எடுங்கள். மேலிருந்து இறங்குகிற கை அதற்குப் பருந்து. முதலில் ஐந்து பத்து நிமிடம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். குட்டி வாலை அதிரவைத்துச் சலசலக்கும், எஸ் வடிவில் கழுத்தை வளைத்துக் கொத்த வரும், நாற்றமடிக்கிற திரவத்தைக் கையில் விடும். எல்லாம் பயம்தான். விஷம் கிடையாது. கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. பிடித்துக்கொண்டு விடவில்லை என்றால் இழுக்காதீர்கள், பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் தானே விட்டுவிடும்.

இனி இரை. என்ன கொடுப்பது என்பதற்கு ஒரே பதில்தான்: முழு எலி. கோழித் துண்டில் எலும்பு இல்லை, ஈரல் இல்லை, குடல் இல்லை. கால்சியமும் வைட்டமின்களும் அந்த உறுப்புகளில்தான் இருக்கின்றன. முழு எலியை விழுங்குகிற பாம்புக்குத் தனியாகக் கால்சியம் பொடியோ சத்து மருந்தோ தேவையில்லை. துண்டு இறைச்சியில் வளர்கிற பாம்பின் எலும்பு நாளடைவில் வலுவிழந்துவிடும். பால் வேண்டவே வேண்டாம், அதைச் செரிக்கிற வழி பாம்பின் உடலில் இல்லை. பழம், காய்கறி எதையும் அது உணவாகவே பார்க்காது.

உயிருள்ள எலி கொடுத்தால் சாப்பிடுமே என்று பலர் சொல்வார்கள். சாப்பிடலாம். ஆனால் கண் திறந்த எலி தன் உயிருக்காகப் போராடும். பாம்புக்குப் பசி இல்லாத நேரத்தில் தொட்டிக்குள் விட்டுவிட்டுப் போனால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும். கண் போன பாம்புகளும் முதுகெலும்பு தெரியக் கடிபட்ட பாம்புகளும் கால்நடை மருத்துவர்களிடம் வருவது புதிதல்ல. எலிக்கும் அது கொடுமையான சாவு. முறையாக உயிர் போக்கி உறையவைத்த எலியை உருக்கிக் கொடுப்பதே எல்லா வகையிலும் நல்லது. உறைநிலையில் பல ஒட்டுண்ணிகளும் செத்துவிடும். வீட்டில் பொறி வைத்துப் பிடித்த எலி மட்டும் கூடாது, விஷம் தின்றிருக்கலாம், நோயும் இருக்கலாம்.

உருக்குவதில் ஒரு பக்குவம் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரை மறுப்பில் சூட்டுக்கு அடுத்த காரணம் இதுதான். பிங்கி என்றால் சிறிய ஜிப் பையில் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். பெரிய எலியை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவிட வேண்டும். மைக்ரோவேவ் கூடாது, ஓரிடம் வெந்து இன்னோரிடம் குளிர்ந்திருக்கும், வயிறு வெடிக்கவும் செய்யும். உருகியதும் விரலால் வயிற்றை மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் இன்னும் உறைந்திருக்கிறது என்று பொருள். நடுவில் உறைந்திருக்கும் எலி பாம்பின் வயிற்றைக் குளிரவைத்துக் கக்கவைக்கும். கடைசியாக, கை பொறுக்கிற சுடுதண்ணீரில், ஏறக்குறைய 40 டிகிரியில், ஓரிரு நிமிடம் காட்டி எடுத்து ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். மலைப்பாம்புகளுக்கு இருப்பது போல வெப்பத்தை உணரும் குழிகள் கார்ன் ஸ்நேக்குக்குக் கிடையாது, இது வாசனையை நாக்கால் பிடிக்கிற பாம்பு. சூடேறிய எலியிலிருந்துதான் வாசனை நன்றாகக் கிளம்பும்.

அந்தி சாய்ந்த பிறகு, அறை விளக்கைக் குறைத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் எலியின் பின்புறத்தைப் பிடித்து, தலை பாம்பைப் பார்க்கிறபடி, மறைவிடத்தின் வாசலுக்கு ஒரு விரற்கடை தள்ளி நீட்டுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள், இடித்தால் பின்வாங்கி ஓடும். நாக்கு வேகமாக உள்ளே வெளியே போகத் தொடங்கும். தலை மெதுவாக எலியின் பக்கம் திரும்பி நிலைத்து நிற்கும். அந்த இடத்தில் கையை ஆட்டாமல் இருப்பதுதான் பழக வேண்டியது. சட்டென்று ஒரு பாய்ச்சல், இரண்டு மூன்று சுற்று. செத்த எலியைத்தான் சுற்றி இறுக்குகிறோம் என்று அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் விடாது. பிறகு முனையைத் தேடி எலியின் மேல் மோந்துகொண்டே போகும். பெரும்பாலும் தலையிலிருந்துதான் தொடங்கும், அப்படி விழுங்கினால்தான் கால்கள் உடம்போடு மடங்கி வழுக்கிக்கொண்டு போகும். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டியிருப்பதில்லை, மீள்தன்மையுள்ள தசைநார்தான் இணைக்கிறது. அதனால் இடப்பக்கம் ஒரு எட்டு, வலப்பக்கம் ஒரு எட்டு என்று தாடை எலியின் மேல் நடந்து முன்னேறும். வாய் நிறைய எலி இருக்கும்போது மூச்சு எப்படி விடுகிறது என்று கேட்பார்கள். மூச்சுக்குழாயின் வாயை வாயின் அடித்தளத்திலிருந்து முன்னால் நீட்டி வெளியே வைத்துக்கொள்ளும், கூர்ந்து பார்த்தால் சிறு குழாய் போலத் தெரியும். முடிந்ததும் ஒன்றிரண்டு முறை பெரிதாகக் கொட்டாவி விடும், தாடையைப் பழையபடி பொருத்திக்கொள்கிற வேலை அது. அங்கிருந்து இரண்டு நாளைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இரை கொடுக்கத் தனிப் பெட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் தொட்டிக்குள் வருகிற கையை எல்லாம் கடிக்கும் என்று ஒரு பழைய பேச்சு உண்டு. நான் அதை ஏற்பதில்லை. விழுங்கிய பாம்பைத் தூக்கித் திரும்பத் தொட்டிக்குள் விடுவதுதான் கக்கவைக்கிற வேலை. கையைக் கடிப்பது எலி வாசனை ஒட்டியிருப்பதால். எலியைத் தொட்டபின் கை கழுவுங்கள், எடுப்பதற்கு முன் ஒரு குச்சியாலோ கொக்கியாலோ உடம்பை மெல்லத் தொட்டு ‘இரை இல்லை, நான்தான்’ என்று தெரியப்படுத்துங்கள். சீக்கிரமே புரிந்துகொள்ளும்.

அளவு எவ்வளவு? உடம்பின் மிகத் தடித்த பகுதியின் சுற்றளவுக்குச் சமமான எலி, அதிகம் போனால் அதில் ஒன்றேகால் மடங்கு. விழுங்கியபின் லேசாக ஒரு புடைப்பு தெரிய வேண்டும், பந்து போலத் தெரியக் கூடாது. எடைப்படி பார்ப்பது இன்னும் நம்பகமானது, ஒரு கிராம் துல்லியத்தில் காட்டுகிற சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். குட்டி 15 கிராமுக்குக் கீழே இருந்தால் 2, 3 கிராம் எடையுள்ள பிங்கி ஒன்று, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. 30 கிராமை நெருங்கும்போது பெரிய பிங்கி அல்லது முடி அரும்பிய சிறு ஃபஸி, வாரம் ஒருமுறை. 50 கிராமைத் தாண்டியதும் ஹாப்பர் எனப்படும் துள்ளல் பருவ எலி, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒன்று. 150, 200 கிராம் வந்தபின் வளர்ந்த சுண்டெலி, பத்து நாளுக்கு ஒன்று. முழு வளர்ச்சி அடைந்த பாம்புக்கு ஒரு பெரிய சுண்டெலி இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும். இதெல்லாம் தோராயம்தான், பாம்பின் உடல்வாகைப் பார்த்து முன்பின் மாற்றிக்கொள்ளுங்கள்.

கக்கிய உங்கள் குட்டிக்கு இந்தக் கணக்கு இப்போது பொருந்தாது. இடைவெளி முடிந்ததும் வழக்கமான அளவில் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். கிடைப்பதிலேயே சின்ன பிங்கி ஒன்று. அது தங்கினால் எட்டு, பத்து நாள் கழித்து அதே அளவில் இன்னொன்று. அப்படி மூன்று தங்கிய பிறகு வழக்கமான அளவுக்குப் போங்கள். இரை எடுத்து இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கழிவு வரும், பழுப்பாக ஒரு பகுதி, அதோடு சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒரு பகுதி. அந்த வெள்ளைதான் சிறுநீர். அது வந்துவிட்டால் குடல் வேலை செய்கிறது என்று நிம்மதியடையலாம்.

அப்போதும் தொடவில்லை என்றால்? இடுக்கியில் ஆட்டிக் காட்டுவது சில குட்டிகளுக்குப் பயம். எலியை மறைவிடத்தின் வாசலில் வைத்துவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள், காலையில் இருந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள், மறுபடி உறையவைக்கக் கூடாது. இன்னொரு வழி, காற்றுத் துளையிட்ட சிறு டப்பாவில் காகிதத் துவாலை போட்டுக் குட்டியையும் பிங்கியையும் சேர்த்து வைத்து, டப்பாவைத் தொட்டிக்குள்ளேயே மிதமான சூட்டில் விடுவது. விழுங்கிவிட்டால் டப்பாவின் மூடியை மட்டும் திறந்துவிடுங்கள், தானே வெளியே வரட்டும். காட்டில் குட்டிகள் முதலில் பிடிப்பது சின்னப் பல்லிகளையும் மரத்தவளைகளையும்தான், அதனால் பல்லி வாசனை ஏற்றிய பிங்கியை உடனே எடுக்கிற குட்டிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஐந்து ஆறு நாள் விடுங்கள். தினமும் எலியைக் காட்டுவது பாம்புக்குத் தினமும் ஒரு மிரட்டல். வாயைத் திறந்து திணிக்கிற வேலையை மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும்.

வளர்ந்த பிறகு இரை மறுப்பது வேறு கதை. வசந்தகாலத்தில் வயதுக்கு வந்த ஆண் பாம்புகள் இணை தேடுகிற நினைப்பில் வாரக்கணக்கில் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குளிர்காலத்தில் பலவற்றுக்குப் பசி மந்தமாகும். சட்டை உரிக்கப் போகும்போதும் மறுக்கும். எடை குறையாத வரை இதில் எதற்கும் பதற வேண்டியதில்லை. வளர்ந்த கார்ன் ஸ்நேக்குகளில் நான் அதிகம் பார்க்கிற கேடு பட்டினி அல்ல, கொழுப்பு. கேட்கும்போதெல்லாம் விழுங்கும், அதனால் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வளையும்போது செதில்களுக்கு நடுவே தோல் பிரிந்து தெரிவது, வாலடியில் சட்டென்று தடித்திருப்பது, இரை எடுக்காத நாளிலும் பக்கவாட்டில் பிதுங்கியிருப்பது எல்லாம் கொழுத்துவிட்டதன் அடையாளம். உடம்பின் குறுக்குவெட்டு மேலே லேசாக வளைந்தும் கீழே தட்டையாகவும் இருக்க வேண்டும். முதுகெலும்பு கூராகத் துருத்தினால் மெலிவு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 ஆண்டு வாழ்கிற பிராணி இது. கொழுத்த பாம்பின் ஈரல் அவ்வளவு காலம் தாங்காது.

சட்டை உரிப்பது பற்றி ஒரு வார்த்தை. குட்டிகள் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும், பெரியவை சில மாதங்களுக்கு ஒருமுறை. முதலில் நிறம் மங்கும், வயிறு இளஞ்சிவப்பாகும், பிறகு கண் பால் படர்ந்தது போல நீலம் பாரிக்கும். இரண்டு மூன்று நாளில் கண் தெளிந்துவிடும். அது முடிந்துவிட்டதாக நினைத்துச் சிலர் எலி வைத்துவிடுவார்கள். உண்மையில் அதற்குப் பிறகு சில நாள் கழித்துத்தான் உரிக்கும். கண் மங்கியதிலிருந்து உரித்து முடிக்கும்வரை இரையும் வேண்டாம், கையில் எடுப்பதும் வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் இருந்தால் சட்டை மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாகக் கழன்று வரும். துண்டு துண்டாக வந்தால் காற்று காய்ந்திருக்கிறது. ஒரு டப்பாவில் ஈரமான ஸ்ஃபேக்னம் பாசியைப் போட்டு வாசல் வெட்டி, சூடான பக்கத்தை ஒட்டி வைத்துவிடுங்கள், உரிக்கிற நாட்களில் அதற்குள்ளேயே கிடக்கும். உரித்த சட்டையைத் தூக்கி எறியும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள்: கண்மூடிகள் இரண்டும் கண்ணாடி வில்லை போல வந்திருக்கின்றனவா, வால் நுனி முழுசாக இருக்கிறதா. வால் நுனியில் மிச்சம் ஒட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். ஈரத்துணிக்குள் அரைமணி நேரம் ஊர்ந்துபோக விட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். கண்மூடியை நகத்தால் கிளறாதீர்கள், அடுத்த முறை ஈரத்தை ஏற்றிப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

சுத்தம். கழிவை அன்றன்றே எடுப்பது, தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாளாவது மாற்றுவது, மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ மொத்தமாகக் கழுவிப் போடுவது. பாம்பு ஆரோக்கியமாக இருந்தாலும் அதன் குடலில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும், எனவே தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது வீட்டில் சட்டமாக இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடாமல் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிண்ணத்தைச் சமையல் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கழுவாதீர்கள். கிண்ணத்துத் தண்ணீரில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அது பாம்பு உண்ணி. கண்ணோரத்திலும் தாடைக்கடியிலும் ஒட்டியிருக்கும். பூனை நாய்க்கான மருந்தை அடித்துவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

மூடிக்குப் பூட்டு உண்டா? கார்ன் ஸ்நேக் தப்பித்துப் போவதில் கில்லாடி. தலை நுழைகிற இடுக்கில் உடம்பும் நுழைந்துவிடும், குட்டிக்குப் பென்சில் பருமன் இடைவெளி தாராளம். காணாமல் போனால் கதவடியில் துணியை அடைத்துவிட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறம், ஸ்பீக்கர், அலமாரி அடி என்று இருட்டும் வெதுவெதுப்பும் சேர்கிற இடங்களைத் தேடுங்கள். இரவில் சுவரோரம் மாவைத் தூவி வைத்தால் எந்தப் பக்கம் போகிறது என்று தடம் காட்டும். இன்னொரு பாம்பை அதே தொட்டியில் துணைக்கு விடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், இவற்றுக்குத் துணை தேவையில்லை, ஒன்று மற்றொன்றை விழுங்கியும் இருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்தப் பாம்பை வீட்டில் வளர்க்கவே முடியாது, வேறு சில இடங்களில் அனுமதி வேண்டியிருக்கும்.

மருத்துவரிடம் எப்போது போவது? சூடும் மறைவிடமும் சரியான பிறகும் இன்னொரு முறை கக்கினால் காத்திருக்க வேண்டாம். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வாயைத் திறந்து மூச்சு விட்டால், மூக்கிலோ வாயிலோ குமிழி வந்தால், நடு உடம்பில் இரை இல்லாமலே வீக்கம் தெரிந்தால், தலையை நிமிர்த்த முடியாமல் மேலே பார்த்துத் திருகினால், பெரிய பெண் பாம்பு முட்டையிட முடியாமல் முக்கினால், அன்றே கிளம்புங்கள். ஆண் துணை இல்லாமலும் பெண் கார்ன் ஸ்நேக் கூமுட்டை இடும் என்பது பலருக்குத் தெரியாது. ஊர்வன பார்த்துப் பழகிய மருத்துவரா என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் தேடினால் கிடைக்க மாட்டார். போகும்போது 24 மணி நேரத்துக்குள் வந்த கழிவை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் போங்கள், ஃப்ரீசரில் வைத்தால் பரிசோதனைக்கு உதவாது. கக்கியதும் இருந்தால் அதையும் தனி டப்பாவில். இரை கொடுத்த தேதி, எலியின் எடை, பாம்பின் எடை, இரு முனைகளின் வெப்பநிலை என்று நான்கு பத்திகள் போட்டு இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அந்த நோட்டைத்தான் அவர் முதலில் கேட்பார்.